கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்?

கோதுமையே விளையாத ஊர்ல இருக்குற பிள்ளைக்குக் கோதுமை ஆகாதுன்னா அதுல என்ன பெரிய கஷ்டம்? சோறு, மீன் குழம்பு, இட்லி, தோசைன்னு சாப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காத ஆள் எங்க ஊர்ல கம்மி. டீக்கடையில் கேட்டாங்க, கல்யாண வீட்டில் கேட்டாங்க, படகுத் துறையில் வலையைச் சரி பண்ணிக்கிட்டே பெரியப்பா கேட்டார். எங்க ஊர் மண்டபத்தூர். காரைக்காலின் வடக்குப் பக்கம், கடலை ஒட்டின மீனவ கிராமம். கிழக்கே கடல், மேற்கே வயல். கொஞ்ச தூரம் வடக்கே போய் நண்டலாற்றைத் தாண்டினா தமிழ்நாடு, தரங்கம்பாடி. இங்கே கோதுமைங்கிறது கடையில் பாக்கெட்டில் வர்ற சமாச்சாரம். அதனால கேள்வி நியாயமானதுதான்.

என்னோட பதில் இதுதான்: வீட்டில் பெரிய கஷ்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் கஷ்டம். அதுவும் சாப்பாட்டால வர்ற கஷ்டத்தை விட, பாசத்தால வர்ற கஷ்டம் அதிகம். அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பொறியியல் படிச்சிட்டு பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். இதைப் பத்தி எழுத எனக்கு இருக்குற ஒரே தகுதி, தாய்மாமன்ங்கிறதுதான். என் அக்கா மகளுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கிறாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு சீலியாக் நோய்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ரத்தச்சோகைக்கு டானிக், பூச்சி மாத்திரை, "சவலைப் பிள்ளை, போகப் போகத் தேறிடும்"ங்கிற ஆறுதல் எல்லாம் கிடைச்சது. வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியா இருந்தா. கடைசியா ஒரு குழந்தை மருத்துவர்தான் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். அப்புறம் எண்டோஸ்கோப்பி. அப்புறம் ஒரே வரியில் தீர்ப்பு: கோதுமை, பார்லி, ரை இந்த மூணும் வாழ்நாள் முழுக்கக் கூடாது.

இது என்ன நோய்?

சுருக்கமா சொல்றேன். கோதுமை, பார்லி, ரை இந்தத் தானியங்களில் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. பரோட்டா மாவை இழுத்தா அறுந்து போகாம வர்றதுக்குக் காரணம் அதுதான். சீலியாக் உள்ளவங்க உடம்பில் குளூட்டன் போனா, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சிடும். சத்தை உறிஞ்சுற குடலுறிஞ்சிகள் (பத்தாம் வகுப்பு அறிவியல்ல படம் வரைஞ்சிருப்பீங்களே, விரல் விரலா இருக்குமே, அது) தேய்ஞ்சு மழுங்கிடும். அப்புறம் பிள்ளை என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு பலவீனம்னு வரிசையா வரும். இது அலர்ஜி இல்லை. சாப்பிட்ட உடனே தடிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்காது. பல சமயம் வெளியில் ஒண்ணுமே தெரியாது. உள்ளுக்குள்ளே அரிச்சிக்கிட்டே இருக்கும். அதனாலதான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

மருந்து கிடையாது. குளூட்டனை முழுசா நிறுத்தினா குடல் தானா ஆறிடும், அவ்வளவுதான் வைத்தியம். இதை உலகத்துக்குக் காட்டினவர் வில்லெம் டிக்கே என்கிற நெதர்லாந்து குழந்தை மருத்துவர். ரொட்டிதான் காரணம்னு அவருக்கு 1930களிலேயே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், அந்த நாட்டில் பஞ்சம். ரொட்டி கிடைக்கலை. ஊரே பட்டினியில் வாடுறப்போ இந்த நோய் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினாங்க. திரும்ப ரொட்டி வந்ததும் திரும்பப் படுத்தாங்க. 1950-இல் அவர் இதை ஆய்வேடா வெளியிட்டார்.

"கொஞ்சூண்டு"ன்னா எவ்வளவு?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதானே. கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம், நமக்கு அதானே தொழில் :)

2007-இல் இத்தாலியில் கட்டாசி என்பவர் குழு நடத்தின ஆய்வில், தினமும் 50 மில்லி கிராம் குளூட்டன் மூணு மாசம் போனாலே குடல் கெடுதுன்னு தெரிஞ்சது. ஒரு நாளைக்கு 10 மில்லி கிராமுக்குக் கீழே இருந்தா பெரும்பாலானவங்களுக்குப் பாதகமில்லைங்கிறது மருத்துவர்கள் பொதுவா சொல்ற அளவு.

இப்போ ஒரு மேரி பிஸ்கட்டை எடுத்துக்கோங்க. எடை அஞ்சாறு கிராம் இருக்கும். அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா மைதா. மைதாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன்னு வச்சா, ஒரு பிஸ்கட்டில் 300 மில்லி கிராமுக்கு மேல வருது. கால் பிஸ்கட்டே 50-ஐத் தாண்டிடுது. அதாவது, பக்கத்து சீட்டுப் பிள்ளை பிட்டுக் கொடுக்கிற மூலைத் துண்டு போதும். "கொஞ்சூண்டு"ங்கிறது நம்ம கண்ணுக்குத்தான் கொஞ்சூண்டு.

இன்னொரு கணக்கு. கடையில் விக்குற கூட்டுப் பெருங்காயத்தில், கட்டியோ தூளோ, பல பிராண்டுகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தா எழுதியிருக்கும். நூறு பேருக்கு ஒரு அண்டா சாம்பார், அதில் 10 கிராம் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவுன்னு வச்சுக்குவோம். ஒரு தட்டுக்கு 5 மில்லி கிராம் குளூட்டன். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. ஆனா மதியம் சாம்பார், ராத்திரி ரசம்னு ரெண்டு வேளை போனா அன்னைக்கான 10 மில்லி கிராம் அங்கேயே முடிஞ்சது. வேற எதுக்கும் இடமில்லை.

ரெண்டு கணக்கும் நான் தோராயமாப் போட்டது. ஆனா எது பெரிய எதிரி, எது சின்ன எதிரின்னு புரிஞ்சுக்க இது போதும். பெருங்காயத்தை வீட்டில் பிராண்டு மாத்திச் சமாளிச்சிடலாம். பிஸ்கட்டுக்கு வீட்டில் இருந்துகிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

அரிசி ஊரில் ஒளிஞ்சிருக்கும் கோதுமை

அக்காவுக்கு இது தெரிஞ்சதும் அடுப்படியில் இருந்த டப்பாக்களை எல்லாம் வெளியில் எடுத்து வச்சோம். பெருங்காயம் சொல்லிட்டேன். ரவை கோதுமைதான்னு எங்க தெருவில் நிறையப் பேருக்குத் தெரியாது. அது ஏதோ தனித் தானியம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. சேமியாவும் பெரும்பாலும் அப்படித்தான். பிள்ளை தேறணும்னு பாலில் கலக்குற ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும். வீட்டில் அரைக்கிற சத்துமாவில் ஒரு பிடி கோதுமை. ஃப்ரைடு ரைஸில் ஊத்துற சோயா சாஸில் கோதுமை. ஓட்டல் மீன் வறுவலில் மொறுமொறுப்புக்கு மைதா. பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை. இதில் கொடுமை என்னன்னா, இளைச்சுப் போற பிள்ளைக்கு நாம தேடித் தேடிக் கொடுக்கிற சத்தான ஐட்டங்களில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கு.

இதெல்லாம் ஏன் யாருக்கும் தெரியலைன்னா, இந்த நோய் நம்ம பக்கம் அபூர்வம். 2016-இல் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூணு பகுதியிலும் 23,331 பெரியவங்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. ஆனா அந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மூணு பகுதியிலும் மூணுல ஒருத்தர்ங்கிற கணக்கில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. வித்தியாசம் எதில்னா தட்டில். வடக்கில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடுற கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நம்ம உடம்பு தனி ரகம் ஒண்ணும் இல்லை. அரிசி சாப்பிட்டதாலதான் தப்பிச்சுக்கிட்டிருந்திருக்கோம்னு சந்தேகப்பட இடம் இருக்கு. அந்த 25 கிராம் நம்ம பிள்ளைகள் தலைமுறையில் எங்கே போய் நிக்கும்னு ஊர்க்கடையில் தொங்குற பிஸ்கட், நூடுல்ஸ் சரத்தைப் பார்த்தே சொல்லிடலாம். ரெண்டாவது, அபூர்வம்ங்கிறதாலேயே இங்கே ஆபத்து அதிகம். டெல்லிப் பக்கம் 2011-இல் வந்த ஆய்வுப்படி 96 பேருக்கு ஒருத்தர். லூதியானாவில் 2006-இல் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில் 310-க்கு ஒருத்தர். அங்கெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரெண்டு மூணு பிள்ளைகளாவது இருக்கும், டீச்சருக்குப் பேராவது காதில் விழுந்திருக்கும். எங்க பக்கம் ஒரு ஆசிரியர் முப்பது வருஷம் வேலை பார்த்தும் ஒரு பிள்ளையைக் கூடப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்ண?

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்குது

வீட்டில் கட்டிக் கொடுக்கிற டப்பாவால ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. வர்றதெல்லாம் மத்த வழியில்தான். பிறந்த நாள்னா கேக். வீட்டுப் பாடம் நல்லா எழுதினா மிஸ் கையால ஒரு பிஸ்கட். பக்கத்துப் பிள்ளையோட டப்பா மாத்திக்கிறது (ரெண்டாங் கிளாஸ் நட்பின் ஆதார விதியே அதுதான்). சுதந்திர தினத்துக்கு மிட்டாயோட ஒரு லட்டு, அது கடலை மாவா, ரவையா, யாருக்குத் தெரியும். கைவேலை வகுப்பில் மைதாப் பசை, கை கழுவாம அப்படியே சாப்பாடு.

போன வருஷம் அவளுக்கு மூணு நாள் வயித்து வலி. தோண்டித் துருவினதில் தெரிஞ்சது, பரிசு வாங்கினதுக்கு ஒரு மிஸ் க்ரீம் பிஸ்கட் கொடுத்திருக்காங்க. "வேணாம் மிஸ்"னு சொல்லியிருக்கா. "சும்மா சாப்டுடா கண்ணு, கொஞ்சூண்டு சாப்டா என்ன ஆயிடும்?"னு வாயில் ஊட்டி விட்டிருக்காங்க. அந்த மிஸ் கெட்டவங்களா? இல்லவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவ மேல பாசமா இருக்குறவங்க அவங்கதான். கிள்ளிக் கொஞ்சுறதும் அவங்கதான்.

என் வாதமே இங்கேதான் இருக்கு. நாம பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? "யார் கொடுத்தாலும் வேணாம்னு சொல்லு." அதே வாயால வேற என்னவும் சொல்லிக் கொடுத்திருக்கோம்? பெரியவங்க கொடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கணும், சாப்பாட்டை வேணாம்னு ஒதுக்கக் கூடாது, மிஸ் சொன்னா கேக்கணும். ஏழு வயசுப் பிள்ளை இதில் எதைக் கேட்கும்? நம்ம ஊர்ல நாற்பது வயசு ஆளுக்கே விருந்து வீட்டில் "போதும்"னு சொல்லி இலையை மடிக்கத் தைரியம் வராது. ஒரு நோயோட மொத்தப் பாரத்தையும், அதைச் சுமக்கவே முடியாத ஆள் தலையில் வச்சிட்டு, "பிள்ளைக்குச் சொல்லி வளங்க"ன்னு பெரியவங்க நாம நழுவிக்கிறோம்.

அக்கா பள்ளி அலுவலகத்துக்குப் போய் டாக்டர் சீட்டைக் காட்டி, எழுதி வாங்கி வச்சுக்கச் சொன்னா. (எந்தப் பள்ளின்னு இங்கே வேணாம்.) கிடைச்ச பதில்: "எழுதி வாங்கினா நாளைக்கு ஏதாச்சும் ஆனா நாங்க பொறுப்பாயிடுவோம். மதியம் வேணா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இல்லேன்னா தனியா ஆபீஸ்ல உக்காந்து சாப்பிடட்டும்."

தனியா உக்காந்து சாப்பிடுறது. நம்ம நாட்டில் ஒரு பிள்ளையைத் தனியா உக்கார வச்சுச் சாப்பிட வைக்கிறதுக்கு என்ன வரலாறு இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லலை, புரியுது. ஆனா அது தீர்வே இல்லை. தட்டைப் பாதுகாக்கச் சொன்னா பிள்ளையையே ஒதுக்கி வைக்கிறாங்க. அவளோட டப்பா தனியா இருந்தா போதும், அவ தனியா இருக்க வேண்டாம்.

டப்பா கட்ட முடியாத வீடு

அக்காவுக்காவது டப்பா கட்ட நேரம் இருக்கு. எங்க ஊர்ல எத்தனையோ அம்மாக்கள் விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கத் துறைமுகத்துக்குக் கிளம்பிடுவாங்க. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடுதான் நாளின் முதல் சாப்பாடு. அப்படி ஒரு வீட்டில் இந்த நோய் இருந்தா?

நான் படிச்ச காலத்தில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ராஜீவ் காந்தி பேரில் காலைச் சிற்றுண்டி இருந்தது. சுடச்சுடப் பால், கூட ரொட்டி, சில காலம் பிஸ்கட். அதைக் கொடுக்கிறவங்களுக்கு எங்க பக்கம் பேரே "ரொட்டிப்பால் ஊழியர்கள்". அந்தப் பாலுக்காகவே பள்ளிக்கூடம் வந்த பசங்க என்கூடப் படிச்சாங்க, அதனால அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த வரிசையில் நின்ன ஏதோ ஒரு சவலைப் பிள்ளைக்கு, அதோட நோயையே தினமும் காலையில் நாம பாலில் நனைச்சுக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஆத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் மதுரையில் தொடங்கினது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவாக்கினப்போ, தொடக்க விழா எங்களுக்குப் பக்கத்தில் திருக்குவளையில்தான் நடந்தது. மிக நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. தொடங்கினப்போ அறிவிச்ச பட்டியலைப் பாருங்க: ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா, ரவா கிச்சடி, சேமியா கிச்சடி, ரவா பொங்கல், வெள்ளிக்கிழமை கேசரி. நெல்லு விளையிற டெல்டாவில் கூட வாரத்தில் பல நாள் காலைத் தட்டு கோதுமைத் தட்டா இருக்கலாம். சீக்கிரம் வேகும், பெரிய அளவில் சமைக்கச் சுலபம், காரணம் புரியுது. ஆனா அதே பட்டியலில் அரிசி உப்புமாவும் இருந்தது, சோளக் கிச்சடியும் வெண்பொங்கலும் இருந்தது. அதாவது, மாத்து உணவைப் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தா, அந்தப் பள்ளிக்கு மட்டும் பட்டியலில் இருக்கிற அரிசி ஐட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பெருங்காயத்தைக் கோதுமை இல்லாததா வாங்கலாம். பஞ்சாபில் ஒரு பள்ளிக்கு இது பெரிய தலைவலி. நமக்குச் செலவே இல்லாத வேலை. உலகத்திலேயே சீலியாக் பிள்ளை சுலபமா வாழக்கூடிய சமையல்களில் நம்ம சமையல் ஒண்ணு. அதைத்தான் நாம கோட்டை விட்டுக்கிட்டிருக்கோம்.

ஒரு தாள்

சரி, என்னதான் பண்ணச் சொல்றேன்? ஒரு தாள். அவ்வளவுதான்.

இது என் சொந்த யோசனை இல்லை. காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்த ஊர். இன்னைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு, பாரிஸ் பக்கம் சொந்தக்காரங்க இல்லாத தெரு கம்மி. அங்கே இருக்குற ஒரு உறவுக்கார அக்காதான் சொன்னாங்க: பிரான்ஸ் பள்ளிகளில் பி.ஏ.ஐ.ன்னு ஒரு ஏற்பாடு. நாள்பட்ட நோயோ, உணவு ஒவ்வாமையோ இருக்குற பிள்ளைக்குப் பெற்றோர், தலைமை ஆசிரியர், பள்ளி மருத்துவர் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுற ஒரு எழுத்து ஏற்பாடு. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது, வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்து மத்த பிள்ளைகளோட உணவுக் கூடத்திலேயே சாப்பிடலாமா, என்ன ஆனா என்ன பண்ணணும், எல்லாம் அதில் இருக்கும். 2003-இல் அரசுச் சுற்றறிக்கையே போட்டிருக்காங்க. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போய், 2005-இல் போட்ட சட்டத்தில் பள்ளி உணவுக் கூடங்களில் கேட்டா குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுத்தாகணும்னு எழுதிட்டாங்க. பாஸ்தா தின்கிற நாடு!

நம்ம நாட்டில் நடக்காதுன்னு சொல்லாதீங்க. டைப் 1 சர்க்கரை நோய் இருக்குற பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்குள் மாத்திரை, பழம், சிற்றுண்டி கொண்டு போகலாம்னு சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதி கொடுத்தது. 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் அந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பச் சொன்னது. ஒரு நோய்க்கு முடிஞ்சது இன்னொரு நோய்க்கும் முடியும்.

நாங்க எழுதின தாளில் இருக்குறது இவ்வளவுதான்:

1. பிள்ளையின் பேர், வகுப்பு, நோய். "அடம் இல்லை, டயட் இல்லை, மருத்துவக் கட்டாயம்"னு ஒரு வரி. டாக்டர் சீட்டு நகல்.

2. கூடாதது: ரொட்டி, பிஸ்கட், கேக், ரவை, சேமியா, மைதா, மால்ட் பானம், பேர் தெரியாத பலகாரம். இந்த வரி தமிழில், பெரிய எழுத்தில்.

3. கொடுக்கலாம்: பழம், வேர்க்கடலை மிட்டாய், வீட்டில் இருந்து கொடுத்து வச்சிருக்கிற டப்பாவில் இருக்குறது. (வகுப்பு அலமாரியில் ஒரு டப்பா நிரந்தரமா இருக்கும். யாருக்காவது பிறந்த நாள்னா மிஸ் அதில் இருந்து எடுத்துக் கொடுப்பாங்க. கேக் சாப்பிடலைன்னாலும் கை காலியா இருக்காது.)

4. எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடலாம். டப்பா மாத்திக்கக் கூடாது, ஸ்பூன் பகிரக் கூடாது. மைதாப் பசை, மாவு பொம்மை வகுப்புக்கு அப்புறம் கை கழுவணும்.

5. தெரியாம சாப்பிட்டுட்டா பதற வேண்டாம், திட்டவும் வேண்டாம். வாந்தி, வயித்து வலின்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. திட்டினா அடுத்த தடவை மறைப்பாள், அதுதான் ஆபத்து.

6. இந்த வருஷம் இதைப் பார்த்துக்கிற ஆசிரியர் யார்? ஒரு பேர். எல்லாரும்னு எழுதினா யாரும் இல்லைன்னு அர்த்தம். (எங்க ஆபீஸ்ல கத்துக்கிட்ட பாடம் இது :)

அலுவலகம் இன்னும் இதில் முத்திரை போடலை. ஆனா அவளோட வகுப்பு மிஸ் ஒரு நகலை வாங்கி, வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டிக்கிட்டாங்க. யாராவது மாற்று ஆசிரியர் வந்தாலும் பதிவேட்டைத் திறந்தா முதலில் கண்ணில் படும். க்ரீம் பிஸ்கட் ஊட்டின அதே மிஸ்தான். அன்னைக்கு நடந்ததை அக்கா பொறுமையா எடுத்துச் சொன்னப்போ அவங்க கண் கலங்கிடுச்சாம். இப்போ பள்ளியிலேயே அவங்களுக்குத்தான் இந்த நோயைப் பத்தி அதிகம் தெரியும். இந்த வருஷப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் அளவு நல்லாக் குறைஞ்சிருக்கு. உயரம் ஏறியிருக்கு. ஓடி விளையாடுறா.

அப்போ முடிஞ்சதான்னா, இல்லை. ஜூன் மாசம் அவ மூணாங் கிளாஸ் போறா. அந்த மிஸ் கூட வர மாட்டாங்க. நல்ல மனசுள்ளவங்க இருக்குற வரைக்கும் எல்லாம் நடக்கும், அவங்க மாறிப் போயிட்டா மறுபடியும் முதலில் இருந்து கண்ணீர் விட்டுப் புரிய வைக்கணுமா? அதனாலதான் சொல்றேன், தாள் அலுவலகத்தில் இருக்கணும், முத்திரையோட. ஒரு பிள்ளையின் உடம்பு ஒரு டீச்சரின் ஞாபக சக்தியில் தொங்கக் கூடாது.

"ஒரே ஒரு பிள்ளைக்காகவா?"

இந்தக் கேள்வியும் வரும்னு தெரியும். சீலியாக்குக்கு ஒரு பிள்ளை. சர்க்கரைக்கு ஒண்ணு, வலிப்புக்கு ஒண்ணு, வேர்க்கடலை அலர்ஜிக்கு ஒண்ணு, ஆஸ்துமாவுக்கு நாலு. எல்லாத்துக்கும் தேவைப்படுறது இதே மாதிரி ஒரு தாள்தான். கூட்டிப் பார்த்தா எந்தப் பள்ளியிலும் ஒரே ஒரு பிள்ளை கிடையாது. புதுச்சேரி கல்வித் துறை நினைச்சா, சேர்க்கைப் படிவத்தோட ஒரு பக்கம் சேர்த்து, "உங்கள் பிள்ளைக்கு உணவோ மருந்தோ பற்றிப் பள்ளி அறிய வேண்டியது என்ன?"ன்னு கேட்கலாம். பொறுப்பு வந்துடுமேன்னு பயப்படுற தலைமை ஆசிரியர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. எழுதி வைக்கிறதால பொறுப்பு வர்றதில்லை, பிள்ளை உள்ளே நுழையறப்பவே அது வந்தாச்சு.

இன்னொரு சங்கடம், நகரங்களில் "குளூட்டன் ஃப்ரீ" ஒரு ஃபேஷனா ஆகிட்டது. எடை குறைக்க, முகம் பளபளக்கன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. அவங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்களால, நிஜமா நோய் இருக்குற பிள்ளை சொல்றப்போ "பணக்கார வியாதி"ன்னு சிரிக்கிறாங்க. மீன்காரம்மா பேத்திக்குப் பணக்கார வியாதியாம்!

இதைப் படிக்கிறவங்க யாராவது ஆசிரியரா இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வகுப்பில் ஒரு பிள்ளை நீங்க பாசமாக் கொடுக்கிறதை "வேணாம்"னு சொன்னா, ஊட்டி விடுறதுக்கு முன்னாடி "ஏன்டா கண்ணு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. பதில் சொல்ற வரைக்கும் காத்திருங்க.

பி.கு. 1: வயிறு உப்பி, வளராம, ரத்தச்சோகை தீராம இருக்குற பிள்ளை உங்க வீட்டில் இருந்தா, நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா பரிசோதனையில் நோய் தெரியாமப் போயிடலாம். முதலில் டாக்டர், அப்புறம் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம்.

பி.கு. 2: பாக்கெட்டில் "குளூட்டன் இல்லாதது"ன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லி கிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அது போடாத பாக்கெட்டில், ஒவ்வாமைத் தகவல்னு சின்ன எழுத்தில் இருக்குற வரியைப் படிங்க. கோதுமை இருந்தா சொல்லியாகணும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் சில கடைகளில் கிடைக்குது, டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்குங்க.